பிரேக் பெடல் கட்டையாக இறுகினால்: பழைய டீசல் ஜீப்பின் வேக்குவம் வேலைகள்

இறக்கத்தில் ஜீப்பின் பிரேக் பெடல் திடீரென்று கட்டை மாதிரி இறுகிக்கொண்டால், பிரேக்கே போய்விட்டது என்று புதிதாக வண்டி வாங்கியவர் பதறிவிடுவார். பிரேக் போகவில்லை. காலுக்குத் துணை நின்ற வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கிய வெற்றிடம்தான் போயிருக்கிறது. பிரேக் ஆயில் வழியாகச் சக்கரத்துக்குப் போகும் பாதை அப்படியே இருக்கிறது. வழக்கத்தைவிடப் பல மடங்கு பலம் கொடுத்து அழுத்தினால் வண்டி நிற்கும். பெடலை விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, ஓரங்கட்டுங்கள்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் பலர் முதலில் கை வைப்பது, அந்த வேக்குவத்தைக் கொண்டு கால் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டரில். அது கண்ணில் படும் பெரிய பொருள், விலையும் அதிகம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை. பெல்ட், ஹோஸ், ஒன்-வே வால்வு, பம்ப், கடைசியாகத்தான் பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குப் போகும் வரிசை இது. கோளாறு அதிகம் வருவதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான்.

வேக்குவம் எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியில் ஒரு திராட்டில் தட்டு இருக்கிறது. அது மூடியிருக்கும்போது இன்ஜின் காற்றை இழுக்கத் திணறுவதால், இன்டேக் மேனிஃபோல்டிலேயே வேக்குவம் கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் பொதுவாக அந்தத் தட்டு கிடையாது. காற்று தடையின்றிப் போகிறது, டீசலின் அளவுதான் கூடிக் குறைகிறது. அதனால் வேக்குவத்துக்கென்று தனியாக ஒரு பம்ப் வைக்க வேண்டியிருக்கிறது.

மஹிந்திரா டீசல் ஜீப்களிலும் பழைய பொலேரோக்களிலும் பரவலாக இருப்பது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் பம்ப். பட்டறையில் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றுதான் சொல்வார்கள், ‘டைனமோ பம்ப்’ என்று கேட்டாலும் கடையில் புரிந்துகொள்வார்கள். ஆல்டர்னேட்டரின் ஷாஃப்ட் பின்பக்கம் நீண்டு பம்ப்பின் ரோட்டரைச் சுற்றுகிறது. ரோட்டரில் வெட்டியிருக்கும் காடிகளுக்குள் பிளேடுகள் உள்ளும் வெளியுமாக நழுவும். சுற்றும் வேகத்தில் அவை வெளியே எகிறி, மையம் விலகிய வட்டமான ஹவுசிங்கின் சுவரை உரசிக்கொண்டே காற்றை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளும்.

இந்தப் பம்ப்புக்கு மூன்று இணைப்புகள் உண்டு. ஒல்லியான பைப்பில் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. தடித்த ஹோஸில் ஆயிலும் காற்றும் கலந்து சம்புக்கு, அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குத் திரும்புகிறது. மூன்றாவது ஹோஸ் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. ஆயில் இங்கே உயவுக்கு மட்டும் இல்லை. பிளேடுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைப்பதும் அதுதான். ஆயில் வராத பம்ப் தேய்வதற்கு முன்பே வேக்குவம் இழந்துவிடும்.

பூஸ்டர் என்பது ஒரு தகர டப்பா, நடுவில் ரப்பர் டயபிரம். பெடலைத் தொடாதபோது இரண்டு அறைகளிலும் வேக்குவம். மிதித்ததும் பெடல் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. முன்னறையில் இன்னும் வேக்குவம் இருப்பதால் காற்று டயபிரத்தை முன்னால் தள்ளுகிறது. வேக்குவம் எதையும் இழுப்பதில்லை, தள்ளுவது வெளிக்காற்று. இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் மலைக் கணக்கு சுலபமாகப் புரியும். 9 அங்குல டயபிரத்தின் பரப்பு சுமார் 410 சதுர சென்டிமீட்டர். வேக்குவத்தை அளக்கும் கேஜில் 700 மி.மீ. பாதரசம் (வேக்குவத்தின் அலகு) காட்டினால், கணக்குப்படி கிட்டத்தட்ட 390 கிலோ தள்ளுவிசை கிடைக்கிறது. கால் கொடுப்பது அதன் மேல் ஒரு கூடுதல்தான்.

சார்ஜ் விளக்கு எரிந்தால் அது பிரேக் எச்சரிக்கையும்கூட

ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். சமவெளியில், பேட்டரியில் இருக்கும் சார்ஜை வைத்து வீடுவரை போய்விடலாம் என்று ஓட்டுபவர்கள் உண்டு. மலையில் அந்த எண்ணம் ஆகாது. பூஸ்டருக்குள் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. மிச்ச வேக்குவம் முதல் இரண்டு வளைவிலேயே தீர்ந்துவிடும். விளக்கு எரிந்த இடத்திலேயே வண்டியை நிறுத்துங்கள்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் விடுவதும் இதே கதைதான். பம்ப் நின்றுவிடும், இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. ஒருபோதும் செய்யாதீர்கள்.

பெல்ட்டைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. இன்ஜின் நின்றபின், இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மி.மீ. உள்ளே போக வேண்டும். உள்பக்கம் கண்ணாடி போல மினுமினுத்தால் பெல்ட் வழுக்குகிறது. ஆற்றையோ ஓடையையோ கடந்த பிறகு பெல்ட் கீச்சிட்டு, கூடவே பெடலும் கனத்தால் காரணம் ஈரப் பெல்ட். காய்ந்தால் சரியாகும், ஆனால் தளர்ந்த பெல்ட்தான் இப்படி வழுக்கும் என்பதால் இழுவையைச் சரிசெய்துவிடுங்கள்.

காலால் செய்யும் சோதனை

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று சோதனைகள், கருவி எதுவும் வேண்டாம்.

1. இன்ஜின் ஆஃபில் பெடலை ஆறேழு முறை மிதித்துப் பூஸ்டரைக் காலி செய்யுங்கள். பெடல் இறுகும். மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். சில வினாடிகளில் பெடல் காலுக்கடியில் தானாக ஒரு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது வந்தும் அது வேலை செய்யவில்லை.

2. இரண்டு நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள். ஐந்து நிமிடம் காத்திருந்து மெதுவாக மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்த மிதி மேலே மேலேயும் நிற்க வேண்டும். முதல் மிதியே கட்டையாக இருந்தால் வேக்குவம் எங்கோ ஒழுகிப் போயிருக்கிறது. முதல் சந்தேகம் ஒன்-வே வால்வு.

3. இன்ஜின் ஓடும்போது பெடலை நன்றாக அழுத்திப் பிடித்து, பிடித்தபடியே ஆஃப் செய்து 30 வினாடி பொறுங்கள். பெடல் அசையக் கூடாது. காலை மேலே தள்ளினால் பூஸ்டர் ஒழுகுகிறது. பெடல் கீழே இறங்கினால் அது வேக்குவம் கோளாறே இல்லை. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் சிலிண்டர்) வாஷர் அல்லது ஆயில் ஒழுக்கு.

மிதிக்கும்போது ‘ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்து அடங்குவது இயல்பு. அழுத்திப் பிடித்திருக்கும்போதும் சீறல் தொடர்ந்தால் பூஸ்டரின் காற்று வால்வு மூடவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் வண்டியில் பூஸ்டர் ஒழுகினால் ஐடிலிங் தடுமாறிக் காட்டிக்கொடுக்கும். டீசலில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது, இன்ஜின் பாட்டுக்கு ஓடும். அதனால்தான் இந்தச் சோதனைகளை மாதம் ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் பிரேக் லைனில் காற்று, இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. மூன்று சோதனையும் சரி, ஆனாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம், லைனிங் எரிந்து பளபளத்திருக்கலாம், வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம். டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்.

கேஜ் வைத்துப் பார்ப்பது, மலை உயரத்தைக் கழிப்பது

டி-ஜாயின்ட்டோடு வரும் ஒரு வேக்குவம் கேஜ் இருந்தால் யூகத்துக்கு இடமில்லை. முதலில் பூஸ்டர் ஹோஸை பம்ப் முனையில் கழற்றி, கேஜை நேராகப் பம்ப்பில் செருகுங்கள். இன்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில் பாருங்கள். சமவெளியில் 650 மி.மீ. பாதரசத்துக்கு மேல் காட்டும் பம்ப் நல்ல பம்ப். கேஜ் அங்குலத்தில் இருந்தால் அது 25½ அங்குலம். 500-க்குக் கீழே நின்றுவிட்டால் பம்ப்பையோ அதற்கு வரும் ஆயிலையோ கவனிக்க வேண்டும். வண்டியின் சர்வீஸ் புத்தகம் கையில் இருந்தால் அதில் உள்ள எண்ணே முடிவு.

பம்ப் தேறினால் அடுத்த படி. ஹோஸையும் பூஸ்டரையும் இணைத்து, நடுவில் டி-ஜாயின்ட்டை வைத்து மறுபடி ஓடவிடுங்கள். முன்பு காட்டிய அளவுக்கே முள் ஏற வேண்டும், கொஞ்சம் மெதுவாக ஏறும் அவ்வளவுதான். குறைவாக நின்றால் ஒழுக்கு ஹோஸிலோ பூஸ்டரிலோ. பூஸ்டருக்கு அருகில் ஹோஸைத் துணி சுற்றிய கிளாம்ப்பால் நெரியுங்கள். முள் மேலே எழும்பினால் ஒழுக்கு நெரித்த இடத்துக்கு அப்பால், பூஸ்டர் பக்கம். எழும்பாவிட்டால் இப்பால், ஹோஸில். அடுத்து பூஸ்டருக்கும் ஒன்-வே வால்வுக்கும் இடையில் கேஜை வைத்து, முள் ஏறியபின் இன்ஜினை நிறுத்துங்கள். 15 வினாடியில் 25 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது.

இனி மலைக் கணக்கு. கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 760 மி.மீ. கொடைக்கானல் உயரத்தில், அதாவது 2,100 மீட்டரில், சுமார் 590 தான். சென்னையில் 700 காட்டிய அதே பம்ப், கொடைக்கானலில் 530 காட்டும். அது பழுது இல்லை, அதற்கு மேல் அங்கே கிடைக்காது. இது தெரியாமல் மலையில் வைத்து நல்ல பம்ப்பைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கைக்கணக்காக, 300 மீட்டர் ஏறினால் 25 மி.மீ. குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மேலே சொன்ன 390 கிலோ உதவி, அந்த உயரத்தில் 300-க்கும் கீழே வந்துவிடுகிறது. சமவெளியில் சமாளித்துக்கொண்டிருந்த அரைகுறைப் பம்ப் மலையுச்சியிலிருந்து இறங்கும்போது கைவிடுவது இதனால்தான்.

ஹோஸ்

அதிகம் ஏமாற்றுவது ஹோஸ்தான். வெளியே புதிதுபோல இருக்கும். உள்ளே ஆயிலில் ஊறி, உள்ரப்பர் அடுக்கு பிரிந்து நாக்கு மாதிரித் தொங்கும். வேக்குவம் இழுக்கும்போது அந்த நாக்கு வழியை மூடிக்கொள்ளும், இன்ஜினை நிறுத்தியதும் விலகிவிடும். ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும். கழற்றி, பம்ப் முனையிலிருந்து இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உள்சுவர் வட்டமாக, ஒரே தடிமனாக இருக்க வேண்டும். பிசுபிசுத்தோ மடிந்தோ இருந்தால் முழு ஹோஸையும் மாற்றுங்கள்.

வாங்கும்போது பழைய துண்டைக் கையில் எடுத்துப் போங்கள். நூல் பின்னிய, ஆயிலைத் தாங்கும் பிரேக் வேக்குவம் ஹோஸ் என்று கேளுங்கள். தண்ணீர் ஹோஸ், கண்ணாடி நைலான் டியூப் இரண்டும் வேண்டாம். இன்ஜின் சூட்டில் இளகி, வேக்குவம் ஏறியதும் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். டீசல் டியூப் ஆயிலைத் தாங்கும், ஆனால் சுவர் மெல்லியது என்பதால் வளைவில் மடியும். நீளத்தையும் பழையபடியே வையுங்கள். சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து விலகி, எதிலும் உரசாமல் போக வேண்டும். இரண்டு முனையிலும் புது ஹோஸ் கிளிப். ரப்பர் பிதுங்கும்வரை முறுக்கினால் அந்த வெட்டிலேயே அடுத்த ஒழுக்கு தொடங்கும்.

ஒன்-வே வால்வு

பூஸ்டரில் செருகியோ ஹோஸின் நடுவிலோ இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. காற்று பூஸ்டரிலிருந்து பம்ப்பை நோக்கி மட்டுமே போக விடும். சுத்தமான டியூப் ஒன்றைச் செருகி ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் போக வேண்டும், பம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் துளிகூடப் போகக் கூடாது. பழுது பார்க்கும் பொருள் இல்லை இது. சந்தேகம் வந்தால் புதிது. மேலே அம்புக்குறி இருந்தால் அது பம்ப்பைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் பூஸ்டருக்கு வேக்குவமே போகாது.

இந்தச் சின்ன வால்வு பழுதானால் வரும் சேதம் பெரிது. இன்ஜின் நின்றதும் பூஸ்டருக்குள் இருக்கும் வேக்குவம் எதிர்த்திசையில் இழுக்கும். பம்ப்பில் தேங்கிய இன்ஜின் ஆயில் ஹோஸ் வழியாக பூஸ்டருக்குள் போய்ச் சேரும். ஆயில் பட்ட டயபிரம் ஊதி, மெத்தென்றாகி, ஒருநாள் கிழியும். வால்வைக் கழற்றிய துவாரத்தில் துணி சுற்றிய கம்பியை விட்டு அடிவரை துழாவுங்கள். கறுப்பு ஆயிலோடு வந்தால் பூஸ்டர், ஹோஸ், வால்வு மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

வால்வு உட்காரும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். செருகும்போது கிரீஸ் தடவாதீர்கள், தண்ணீர் தொட்டால் போதும்.

பம்ப்பைப் பிரிக்குமுன் ஆயிலைப் பாருங்கள்

கேஜில் பம்ப் தேறவில்லை. உடனே பிரிக்க வேண்டாம். ஆயில் பைப்பை பம்ப் முனையில் கொஞ்சம் தளர்த்தி, கீழே துணி பிடித்து, இன்ஜினைச் சில வினாடி ஓடவிடுங்கள். ஆயில் தெளிவாக வர வேண்டும். வராவிட்டால் பைப்பையும் அதைப் பிடித்திருக்கும், நடுவில் ஆயில் போகும் பேஞ்சோ போல்ட்டின் துளையையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடியுங்கள். துளை சிறிதாக இருக்கிறதே என்று டிரில் போட்டுப் பெரிதாக்கிவிடாதீர்கள். ஆயில் அதிகமாகப் போனால் பம்ப் மூச்சுத் திணறும், மிச்சம் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கும்.

அடுத்து சம்புக்குத் திரும்பும் தடித்த ஹோஸ். எங்கும் மடியாமல், தொய்யாமல், சரிவாக இறங்க வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஆயில் சொட்டினால் எல்லோரும் ஆயில் சீல் என்பார்கள். பல வண்டியில் மடிந்த ரிட்டர்ன் ஹோஸ்தான் ஆயிலைத் தேக்கி சீலைத் தாண்ட வைக்கிறது. சீலை மாற்றியும் ஒரே மாதத்தில் மறுபடி சொட்டினால் காரணம் இதுதான். இன்ஜின் பிரீதர் (உள்ளே சேரும் காற்று வெளியேறும் வழி) அடைத்திருந்தாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்து சம்புக்குள் காற்றழுத்தம் ஏறியிருந்தாலும் பம்ப் தள்ளும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் வேக்குவம் குறையும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்ப் வேலை

வாங்க வேண்டியவை: பிளேடு செட், பம்ப் ஓ-ரிங், ஆல்டர்னேட்டர் ஷாஃப்ட் ஆயில் சீல், ஆயில் பைப்புக்கு இரண்டு காப்பர் வாஷர், ரிட்டர்ன் ஹோஸ் ஒன்று, கிளிப்புகள். ஒரே கிட்டாக விற்பதும் உண்டு.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த வயரில் எப்போதும் கரண்ட் உண்டு, ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். வயர்களைப் படம் எடுத்துக்கொண்டு கழற்றி, ஆயில் பைப், இரண்டு ஹோஸ், பெல்ட், போல்ட் என்று வரிசையாக எடுத்து ஆல்டர்னேட்டரை மொத்தமாகக் கீழே இறக்குங்கள். திறந்த பைப் வாய்களைத் துணியால் அடைத்துவிடுங்கள். வெளியே படிந்திருக்கும் சேற்றைப் பிரிக்கும் முன்பே சுத்தம் செய்ய வேண்டும். ஒரு மணல் துகள் போதும், பம்ப் சுவரில் கோடு விழ.

ஹவுசிங்குக்கும் ஆல்டர்னேட்டருக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், திருப்பி மாட்டும்போது திசை மாறாது. போல்ட்டுகளைக் கழற்றி ஹவுசிங்கை நேராக இழுங்கள், பிளேடுகள் உதிரும். ரோட்டர் ஷாஃப்ட்டின் பல்லிலிருந்து நழுவி வரும்.

இப்போது ஹவுசிங்கின் உள்சுவரில் விரல் நகத்தால் வருடுங்கள். கண்ணுக்குத் தெரியும் மங்கிய கோடுகள் பரவாயில்லை. நகம் மாட்டி நின்றால் ஹவுசிங் கதை முடிந்தது. புது பிளேடு போட்டாலும் அந்தப் பள்ளம் அவற்றையும் சீக்கிரமே தின்றுவிடும், முழு பம்ப்பாக வாங்குவதே மேல். ரோட்டர் காடியில் பிளேடைப் போட்டால் தன் எடையிலேயே சறுக்கி இறங்க வேண்டும். ஒட்டி நின்றால் பழைய ஆயில் பிசின் படிந்திருக்கிறது. காலையில் மட்டும் பெடல் கனத்து, வண்டி சூடானபின் சரியாகும் கோளாறுக்கு இதுவே காரணம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து மரக்குச்சியால் சுரண்டுங்கள். உப்புத்தாள் போட்டால் காடி அகலும். ரோட்டரின் பல்லில் ஆட்டம் இருந்தால் ஐடிலிங்கில் ‘டக் டக்’ என்று தட்டும், அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் சீலின் ஸ்பிரிங் தெரியும் முகம் பம்ப் பக்கம் இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தொட்டு, சமமாகத் தட்டி இறக்குங்கள். ஆல்டர்னேட்டரின் உள்ளே ஏற்கெனவே ஆயில் இறங்கியிருந்தால் கார்பன் பிரஷ்ஷையும் ஸ்லிப் ரிங்கையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

பிளேடின் ஒரு முனை உருண்டையாக இருந்தால் அது வெளிப்பக்கம், சுவரை உரசும் பக்கம். தட்டை முனை உள்ளே. இதை மாற்றிப் போடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. வேக்குவம் ஏறாது, சுவரும் கெடும். எல்லாவற்றிலும் இன்ஜின் ஆயில் தடவி, புது ஓ-ரிங்கைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்காரவைத்து, கோட்டுக்குக் கோடு பொருத்தி மூடுங்கள். ஓ-ரிங் இருக்கும் இடத்தில் கேஸ்கெட் பசை தேவையே இல்லை. பிதுங்கும் பசை உள்ளே உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் வேக்குவம் துவாரத்தில் சுமார் 5 மில்லி, ஒரு டீஸ்பூன், இன்ஜின் ஆயில் விட்டு, இன்ஜின் சுற்றும் திசையில் புல்லியைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். காய்ந்த பம்ப்பை ஸ்டார்ட் செய்தால் ஆயில் வந்து சேரும் முன்பே பிளேடு கீறும். காப்பர் வாஷர் இரண்டும் புதிது, பேஞ்சோவின் இரு பக்கமும் ஒவ்வொன்று. மாட்டி முடித்து ஓடவிட்டு, ஆயில் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, நிறுத்தி டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவைச் சரிபாருங்கள்.

பூஸ்டர்

எல்லாம் தேறியும் கேஜ் இறங்குகிறது, அல்லது மூன்றாம் சோதனையில் பெடல் காலை மேலே தள்ளுகிறது என்றால்தான் பூஸ்டர். டப்பாவை வெட்டி டயபிரம் மாற்றி மடக்கித் தரும் இடங்கள் இருக்கின்றன. வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. உள்ளே பலமான ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, தகுந்த பிடிமானம் இல்லாமல் திறந்தால் முகத்தில் பாயும். மடக்கிய விளிம்பு மறுபடி ஒழுகாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. உங்கள் மாடலுக்குரிய அதே அளவு பூஸ்டரைப் புதிதாக வாங்குங்கள்.

கழற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் குறைந்துகொண்டே வருகிறது, சக்கரத்திலோ பைப்பிலோ எங்கும் ஈரம் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின் வாஷர் தேய்ந்து ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது. மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி முன்னால் நகர்த்தி, பின்முகத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பைப்புகளில் இடம் இருந்தால் அவற்றைக் கழற்றாமலே மாஸ்டர் சிலிண்டரை ஓரமாக நகர்த்தி வைக்கலாம், பிரேக் லைனில் புகும் காற்றை எடுக்கும் வேலை மிச்சம். உலோகப் பைப்பை மட்டும் மடக்கிவிடாதீர்கள். பெடலையும் ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின்னை எடுத்து, பூஸ்டரின் நட்டுகளைக் கழற்றினால் டப்பா வெளியே வரும். பழைய பெடல் ராடின் நீளத்தை ஸ்கேலில் அளந்து புதியதையும் அதே அளவுக்கு வையுங்கள்.

மிக முக்கியம் முன்பக்கம் நீட்டும் ராட். அதன் நுனிக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும், பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில். ராட் நுனியில் சின்ன உருண்டை களிமண்ணை, குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண் போதும், ஒட்டி, மாஸ்டர் சிலிண்டரை வைத்து நட்டை இறுக்கிக் கழற்றுங்கள். நசுங்கி மிஞ்சியிருக்கும் தடிமன்தான் இடைவெளி. களிமண்ணை முழுதாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இடைவெளி இல்லாமல் ராட் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருந்தால், ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும். ஓட ஓட பிரேக் சூடாகி, ஆயில் விரிந்து, சில கிலோமீட்டரில் நான்கு சக்கரமும் தானாகப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி அதிகமானால் பெடல் பாதி ஆழம் சும்மா இறங்கும்.

பைப்பைக் கழற்றியிருந்தால் இன்ஜின் ஆஃபில் காற்று எடுங்கள். வலதுபக்க ஸ்டீயரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. டப்பா மூடியில் எழுதியிருக்கும் தர பிரேக் ஆயில் மட்டுமே. இன்ஜின் ஆயில் தொட்ட புனலைப் பயன்படுத்தினால்கூட ரப்பர் வாஷர்கள் ஊதிவிடும்.

இன்னும் பழைய வண்டிகளுக்கு

வில்லிஸ் வழி வந்த பழைய பெட்ரோல் ஜீப்களில் வைப்பரே வேக்குவத்தில் ஓடும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்ட் வேக்குவம் விழுந்து வைப்பர் நின்றுபோகும், அது அதன் இயல்பு. ஐடிலிங்கிலும் நகராவிட்டால் மட்டும் டியூபையும் மோட்டாருக்குள் காய்ந்த தோலையும் பாருங்கள்.

நியூமேடிக் கவர்னர் (வேக்குவத்தைக் கொண்டு இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள பழைய டீசல் பம்ப் என்றால், காற்று வழியில் ஒரு தட்டும் அங்கிருந்து கவர்னருக்கு ஒரு மெல்லிய டியூபும் இருக்கும். அந்த டியூப் கழன்றாலோ கவர்னர் டயபிரம் கிழிந்தாலோ இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் அலறும். பிரேக் வேலைக்காகக் கை விடும்போது அந்த டியூபை அசைத்துவிடாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காலால் செய்த மூன்று சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். பிறகு ஆளில்லாத சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நான்கைந்து முறை நிறுத்துங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சக்கர டிரம் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரம் பிடிக்கிறது, நான்கும் அடித்தால் ராட் இடைவெளி. மலைக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகுதான். 50 கிலோமீட்டரில் ஹோஸ் கிளிப்புகளையும் பெல்ட்டின் இழுவையையும் இன்னொரு முறை பாருங்கள், புது பெல்ட் கொஞ்சம் நீளும்.

ஒரு பெல்ட், ஒரு மீட்டர் வேக்குவம் ஹோஸ், ஒரு ஒன்-வே வால்வு, நான்கு கிளிப். இவை சீட்டுக்கடியில் ஒரு பையில் எப்போதும் இருக்கட்டும். பெல்ட் மாற்ற எந்த அளவு ஸ்பேனர் வேண்டும் என்பதை வீட்டிலேயே மாற்றிப் பார்த்து, அதையும் அதே பையில் போட்டு வையுங்கள்.